உறவில் மாடு, வேலையில் குதிரை: ஆண் பன்றியின் இனப்பெருக்க உறுப்புகள்

வளர்ப்பு விலங்குகளில் மனித உடலின் உள்ளமைப்புக்கு மிக நெருங்கியது பன்றி என்று மருத்துவம் படிப்பவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பன்றியின் இதய வால்வை மனிதருக்குப் பொருத்துகிறார்கள். 1982இல் மனித இன்சுலின் சந்தைக்கு வரும்வரை சர்க்கரை நோயாளிகள் பன்றியின் கணையத்திலிருந்தும் மாட்டின் கணையத்திலிருந்தும் எடுத்த இன்சுலினைத்தான் போட்டுக்கொண்டார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் உடற்கூறு பயிலும் மாணவர்களுக்குப் பன்றியின் கருவையே அறுத்துப் பார்க்கக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த மாணவர் ஓர் ஆண் கருவின் இடுப்புக் குழியைத் திறந்ததும் பாடநூலில் உள்ள மனிதப் படம் உதவாமல் போய்விடும். விந்தோடு சேரும் நீரைச் சுரப்பதும் மனிதரில் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாததுமான கௌப்பர் சுரப்பி, அங்கே சிறுநீர்ப் புறவழியின் (சிறுநீரும் விந்தும் வெளியேறும் குழாயின்) இருபுறமும் உருளை வடிவில் கண்ணெதிரே கிடக்கும். மனிதரில் பேர்பெற்ற புரோஸ்டேட் சுரப்பியையோ தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆகவே ஆண் பன்றியை மனிதரோடு ஒப்பிடுவதைவிட மாடு, ஆடு, குதிரை ஆகியவற்றோடு ஒப்பிடுவதே பயன் தரும். அப்படி ஒப்பிடும்போது இரண்டு செய்திகள் தனித்தனியே தெரிகின்றன. உறுப்புகளின் அடிப்படை அமைப்பு பன்றியை மாட்டின் பக்கம் நிறுத்துகிறது, ஏனெனில் இரண்டும் இரட்டைக் குளம்பிகள் என்னும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. உறுப்புகளின் அளவும் அவை சுரக்கும் நீரின் அளவும் பன்றியைக் குதிரையின் பக்கம் தள்ளுகின்றன, ஏனெனில் விந்தைச் சேர்க்கும் இடம் இந்த இரண்டுக்கும் ஒன்றே. இந்த இரு இழைகளையும் பிரித்துப் பார்க்காவிட்டால் பன்றியின் உறுப்புகள் வெறும் விசித்திரங்களாகவே தோன்றும்.

முதலில் ஆண்குறியை எடுத்துக்கொள்வோம். பாலூட்டிகளில் இதற்குப் பொதுவாக இரண்டு வகைக் கட்டமைப்புகள் உண்டு. குதிரையிலும் மனிதரிலும் இரத்தம் நிரம்பும் குழிகள் அகலமானவை. விறைக்கும்போது உறுப்பு நீளத்திலும் பருமனிலும் வெகுவாகப் பெருக்கும். மாடு, ஆடு, பன்றி, ஒட்டகம் ஆகியவற்றில் நார்த்திசு மிகுதி, இரத்தக் குழிகள் குறைவு. சாதாரண நிலையிலேயே உறுப்பு கெட்டியாகத்தான் இருக்கும், பருமனும் பெரிதாக மாறாது. உடலுக்குள் அது 'எஸ்' வடிவத்தில் மடிந்து கிடக்கிறது. அந்த மடிப்பு நிமிர்வதால்தான் நீளம் வெளிப்படுகிறது. வேலை முடிந்ததும் பின்னிழுக்கும் தசை அதை மறுபடியும் மடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. இதே நார்த்திசுக் குறியும் பின்னிழுக்கும் தசையும் திமிங்கிலத்திலும் உண்டு. மரபணு ஆய்வுகளின்படி பன்றியைவிட மாட்டுக்கு நெருங்கிய உறவு திமிங்கிலம் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த அமைப்பு அவை எல்லாவற்றுக்கும் பொதுவான மூதாதையிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்பது விளங்கும். கடலுக்குப் போன விலங்கு காலை இழந்தது, இதை இழக்கவில்லை.

உறவு ஒன்றானாலும் மடிப்பின் இடம் ஒன்றல்ல. காளையில் 'எஸ்' வடிவ வளைவு விந்தகப் பைக்குப் பின்னால் இருக்கிறது. பன்றியிலும் ஒட்டகத்திலும் அது விந்தகப் பைக்கு முன்னால் வருகிறது. இவ்விரண்டிலும் விந்தகப் பை பின்தொடைகளுக்கு இடையே, மலத்துளைக்குக் கீழே, வெகு பின்னால் அமைந்திருப்பதே இதற்குக் காரணம். முழு வளர்ச்சியடைந்த ஆண் பன்றியின் குறி ஏறத்தாழ 45 முதல் 60 சென்டிமீட்டர் நீளம் இருக்கும்; காளையில் அது 90 சென்டிமீட்டரைத் தொடும்.

நுனியில்தான் பன்றி எல்லாரிடமிருந்தும் விலகிப் போகிறது. மனிதருக்கும் குதிரைக்கும் உள்ள மொட்டு போன்ற தலைப்பகுதி அதற்குக் கிடையாது. செம்மறிக் கிடாவுக்கு நுனியைத் தாண்டி நீளும் சில சென்டிமீட்டர் மெல்லிய சிறுநீர்க் குழல் உண்டு. அதுவும் பன்றிக்கு இல்லை. அதற்குப் பதிலாகக் குறியின் முன்பகுதி முழுவதும் இடஞ்சுழியாக முறுக்கிய சுருளாக இருக்கிறது. விறைக்கும்போது இந்த முறுக்கு இன்னும் இறுகும். காளையின் நுனியும் சிறிது முறுகக்கூடியதுதான், ஆனால் பெரும்பாலும் விந்து வெளிப்படும் கணத்தில்தான் அது நிகழ்கிறது. பன்றியில் முறுக்கு நிலையான அமைப்பு.

இதன் பொருள் பெண் பன்றியின் கருப்பைக் கழுத்தைப் பார்த்தால்தான் புரியும். பசுவின் கருப்பைக் கழுத்தில் குறுக்கே வளையம் வளையமாக மடிப்புகள் இருப்பதால் வழி எளிதில் திறப்பதில்லை. காளையும் விந்தை யோனியிலேயே விட்டுவிடுகிறது. பெண் பன்றியிலோ கருப்பைக் கழுத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளமானது. அதன் இரு சுவர்களிலிருந்தும் மேடுகள் எழுந்து, ஒரு பக்கத்து மேடு மறுபக்கத்துப் பள்ளத்தில் பொருந்துமாறு வரிசையாக அமைந்துள்ளன. ஆண் பன்றியின் சுருள் நுனி இந்த மேடுகளுக்கிடையே திருகிக்கொண்டு நுழைந்து பூட்டிக்கொள்கிறது. பூட்டிக்கொண்ட அழுத்தமே விந்து வெளிப்படுவதற்கான தூண்டுதல். காளைக்கு வெப்பமே முதன்மையான தூண்டுதலாக இருப்பதால் அதன் விந்தைச் சேகரிக்க வெந்நீர் நிரப்பிய செயற்கை யோனி வேண்டும். ஆண் பன்றிக்கு ரப்பர் கையுறை அணிந்த கையால் நுனியை இறுகப் பிடித்தால் போதும். செயற்கைக் கருவூட்டலுக்குப் பல காலம் பயன்பட்டுவரும் ரப்பர் குழாய் ஒன்று இந்தச் சுருள் நுனியையே படியெடுத்துச் செய்யப்பட்டது. அதை இடஞ்சுழியாகத் திருகி உள்ளே செலுத்த வேண்டும். கருப்பைக் கழுத்து கவ்விக்கொண்டதும் கையில் ஓர் இறுக்கம் தெரியும், லேசாக இழுத்துப் பார்த்தாலும் வராது. வேலை முடிந்தபின் வலஞ்சுழியாகத் திருப்பித்தான் வெளியே எடுக்க வேண்டும்.

பூட்டு எதற்கு என்றால், விந்து நேரே கருப்பைக்குள் போவதற்கு. காளை ஒரே உந்தலில் 5 முதல் 8 மில்லிலிட்டர் விந்தை விட்டுவிட்டு இறங்கிவிடும். செம்மறிக் கிடாவுக்கு 1 மில்லிலிட்டர் அளவே. மனிதருக்கு 2 முதல் 5 மில்லிலிட்டர். ஆண் குதிரை 50 முதல் 100 மில்லிலிட்டர் வரை விடும். அதன் விந்தும் கருப்பைக்குள்ளேயே செல்கிறது. ஆண் பன்றியோ 200 முதல் 300 மில்லிலிட்டர், சில வேளை அதற்கும் மேல், விடுகிறது. அதற்கு 5 முதல் 10 நிமிடங்கள், சிலவற்றில் அதற்கும் கூடுதலான நேரம் எடுத்துக்கொள்கிறது. ஒரு முறை வெளிப்படும் விந்தணுக்களின் எண்ணிக்கை சுமார் 5,000 கோடி. மனிதருக்கு அது 20 அல்லது 30 கோடி.

ஒரு பிரசவத்தில் பல குட்டிகள் ஈனுவதால்தான் பன்றிக்கு இவ்வளவு விந்து வேண்டியிருக்கிறது என்று சிலர் விளக்கம் சொல்வதுண்டு. இது முழு விளக்கம் ஆகாது. பூனையும் பல குட்டிகள் ஈனுகிறது. ஆண் பூனையின் விந்து ஒரு மில்லிலிட்டர்கூடத் தேறாது. குதிரையோ ஒரே குட்டி ஈனுகிறது. விந்தில் பன்றிக்கு அடுத்த இடத்தில் நிற்கிறது. குட்டியின் எண்ணிக்கையைவிட விந்து போய்ச் சேரும் இடமும் அங்கிருந்து கடக்க வேண்டிய தூரமும்தான் முக்கியம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பெண் பன்றியின் கருப்பைக் கொம்புகள், அதாவது கருப்பையின் இரு கிளைகள், ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் அளவுக்கு நீளமானவை. அவ்வளவு நீளத்தையும் நனைத்துக்கொண்டு விந்தணுக்களைக் கருக்குழாயின் வாசல்வரை கொண்டுபோகத் திரவம் வேண்டும். செயற்கைக் கருவூட்டலின் அனுபவமும் இதையே காட்டுகிறது. கருப்பைக் கழுத்தில் விடுவதற்கு ஒரு தவணைக்கு 80 முதல் 100 மில்லிலிட்டர் திரவமும் 200 முதல் 300 கோடி விந்தணுக்களும் தேவைப்படுகின்றன. மெல்லிய உள்குழாய் மூலம் கழுத்தைத் தாண்டிக் கருப்பைக்குள்ளேயே விட்டால் ஏறக்குறைய பாதி போதுமானதாகிறது.

இவ்வளவு திரவத்தையும் விந்தகம் தருவதில்லை. துணைச் சுரப்பிகள் தருகின்றன. உறுப்புகளை மேசையில் பரப்பி வைத்தால் முதலில் கண்ணில் படுவதும் அவைதான். விந்துப்பைகள் இரண்டும் வெளிர் இளஞ்சிவப்பு நிறத்தில், மடல் மடலாக, மூன்று பக்கப் பட்டகம் போன்ற வடிவில், 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்தில் சிறுநீர்ப்பைக்கு மேலே படர்ந்து வயிற்றறைவரை நீளுகின்றன. இரண்டும் சேர்ந்து பல நூறு கிராம் எடை இருக்கும். பை என்ற பெயர் குதிரைக்குத்தான் பொருந்தும், அங்கே அது உண்மையிலேயே உள்ளீடற்ற பை. பன்றியில் அது கெட்டியான சுரப்பித் திசு. அதன் சுரப்பில் காளையின் விந்தில் மிகுதியாக உள்ள ஃப்ரக்டோஸ் சர்க்கரை சொற்பம். மாறாக இனோசிட்டாலும் சிட்ரிக் அமிலமும், கூடவே எர்கோதயோனீன் என்ற கந்தகச் சேர்மமும் நிறைய உள்ளன. இந்த எர்கோதயோனீனை விலங்குகளின் உடல் தானே செய்துகொள்ள முடியாது, உணவிலிருந்துதான் பெற வேண்டும். 1909இல் தானியங்களில் வளரும் எர்காட் பூஞ்சையில் முதலில் கண்டறியப்பட்ட இப்பொருள் ஆண் குதிரையின் விந்திலும் உண்டு.

கௌப்பர் சுரப்பிகள் அதைவிட வியப்பானவை. 1699இல் வில்லியம் கௌப்பர் விவரித்ததால் அவர் பெயரைத் தாங்கியுள்ள இச்சுரப்பி மனிதரில் பெயரளவுக்கே இருக்கிறது. காளையில் 2 அல்லது 3 சென்டிமீட்டர். நாய்க்கு அறவே கிடையாது. அதற்கு வாய்த்த ஒரே பெரிய துணைச் சுரப்பி புரோஸ்டேட்தான். ஆண் பன்றியில் ஒவ்வொன்றும் 12 முதல் 18 சென்டிமீட்டர் நீளமும் 3 முதல் 5 சென்டிமீட்டர் குறுக்களவும் கொண்டு, தனக்கென ஒரு தசைப் போர்வையோடு இடுப்புக்குள் சிறுநீர்ப் புறவழியின் இருபுறமும் படுத்திருக்கிறது. தசை சுருங்கும்போது பிதுங்கும் சுரப்பு வெண்மையானது, பிசுபிசுப்பானது. விந்துப்பையின் புரதங்களோடு கலந்ததும் அது தண்ணீரை உறிஞ்சி ஊறிய ஜவ்வரிசி போன்ற கட்டிகளாக உறைகிறது. விந்து சேகரிப்பவர்கள் பாத்திரத்தின் வாயில் சல்லடைத் துணி கட்டி இக்கட்டிகளை முதலிலேயே நீக்கிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் அவை குடுவையில் இருக்கும் நீரையும் விந்தணுக்களையும் இழுத்துக்கொள்ளும். இயற்கைப் புணர்ச்சியில் இவை கருப்பைக் கழுத்தை அடைத்து, உள்ளே போன விந்து பின்னோக்கி ஒழுகுவதைக் குறைக்கின்றன. குதிரையின் விந்திலும் கூழ் உண்டு; அதை அங்கே விந்துப்பை செய்கிறது. எலியில் புணர்ச்சிக்குப் பின் யோனியை அடைக்கும் கெட்டியான அடைப்பானையும் விந்துப்பையும் அதனோடு ஒட்டிய உறையவைக்கும் சுரப்பியும் சேர்ந்தே உண்டாக்குகின்றன. தேவை ஒன்று, அதை நிறைவேற்றும் சுரப்பி ஒவ்வோர் இனத்திலும் வேறு.

புரோஸ்டேட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சிறுநீர்ப்பையின் கழுத்தில் சுமார் 3 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு சிறு முடிச்சு, விந்துப்பைகளுக்கு அடியில் மறைந்திருக்கிறது. மீதிச் சுரப்பி சிறுநீர்ப் புறவழியின் சுவருக்குள்ளேயே பரவிக் கிடக்கிறது. செம்மறியில் முடிச்சு இல்லை, பரவிய பகுதி மட்டுமே; குதிரையில் பரவிய பகுதி இல்லை, முடிச்சு மட்டுமே. விந்து நாளத்தின் கடைசியில் காளைக்கும் குதிரைக்கும் உள்ள புடைப்பு பன்றியில் வெளியே தெரிவதில்லை.

விந்தகங்கள் உடல் அளவோடு ஒப்பிட்டாலும் பெரியவை. அவற்றின் கிடப்பு கவனிக்கத்தக்கது. காளையின் விந்தகம் செங்குத்தாகத் தொங்குகிறது; அதன்மேல் ஒட்டிக்கிடந்து விந்தணுக்களை முதிரவைக்கும் சுருள் குழாயான எபிடிடிமிஸின் தலை மேலே, வால் கீழே. குதிரையில் கிடைமட்டம், தலை முன்னே, வால் பின்னே. பன்றியில் இன்னும் சுழன்று, தலை முன்கீழாகவும் வால் பின்மேலாக மலத்துளையை நோக்கியும் அமைந்துள்ளன. பை தொங்குவதில்லை, தோல் தடித்தது. விந்தணு உருவாக ஆகும் காலம் பன்றியில் சுமார் 39 நாள். காளையில் 61 நாள், மனிதரில் இரண்டு மாதத்துக்கும் மேல். நாளொன்றுக்கு உண்டாகும் விந்தணுக்கள் ஏறத்தாழ 1,600 கோடி. காளைக்கு அதில் பாதிகூட இல்லை. இதோடு எபிடிடிமிஸைக் கடக்கும் சுமார் 10 நாளைச் சேர்த்தால், தமிழ்நாட்டில் வெண்பன்றி வளர்ப்பவர்கள் காணும் ஒரு நிகழ்வு விளங்கும். கத்திரி வெயிலில் கொட்டகை கொதிக்கும்போது விந்து நன்றாகவே இருக்கும். வெயில் தணிந்து சில வாரங்கள் ஆனபின்தான் சினை பிடிப்பது குறையும். சூட்டில் கெட்ட அணுக்கள் அப்போதுதான் வெளியே வருகின்றன. பன்றி வியர்வையால் உடலைக் குளிர்விக்கும் திறன் இல்லாத விலங்கு என்பதால் இது மேலும் கடுமையாகிறது.

விந்தணு உருவாகும் குழல்களுக்கு இடையே இருந்து ஹார்மோன் சுரக்கும் லீடிக் செல்கள் பன்றியின் விந்தகத்தில் வழக்கத்துக்கு மிஞ்சி நிறைந்துள்ளன. 1850இல் ஃபிரான்ஸ் லீடிக் இவற்றை விவரித்ததும் பல பாலூட்டிகளின் ஆண் உறுப்புகளை ஒப்பிட்ட ஆய்வில்தான். இச்செல்கள் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோனோடு நிற்பதில்லை. ஆண் குதிரையைப் போலவே பன்றியிலும் இவை பெண் ஹார்மோன் எனப்படும் ஈஸ்ட்ரோஜனைப் பெருமளவில் செய்கின்றன. விந்தோடு போகும் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் சுருக்கத்தைத் தூண்டி விந்தணுக்களின் பயணத்துக்கு உதவுகிறது. இவை செய்யும் இன்னொரு பொருள் ஆண்ட்ரோஸ்டீனோன். இரத்தத்தில் கலந்து தாடைக்குக் கீழுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியை அடையும் இது, பெண்ணை நெருங்கும்போது ஆண் பன்றி கடைவாயில் தள்ளும் நுரையோடு வெளிவருகிறது. சினைப்பருவத்தில் இருக்கும் பெண் பன்றி இந்த வாடை பட்டதும் காலை ஊன்றி, காதை விறைத்து, முதுகில் எடை ஏறினாலும் அசையாமல் நிற்கும். நிமிடக்கணக்கில் நீளும் புணர்ச்சிக்கு இப்படி அசையாமல் நிற்பது இன்றியமையாதது. ஆகவே உமிழ்நீர்ச் சுரப்பியையும் இந்த மண்டலத்தின் ஒரு பகுதியாகவே எண்ணுவது பிழையாகாது.

குறி உறையின் மேற்சுவரில் பன்றிக்கே உரிய மற்றொரு உறுப்பு இருக்கிறது. ஒரு சிறு துளை வழியாகத் திறக்கும் இரட்டை மடல் பை அது. நூறு மில்லிலிட்டருக்கும் மேல் கொள்ளும். கஸ்தூரி மானின் கஸ்தூரிப் பையும் இதே வட்டாரத்தில்தான் உள்ளது, ஆனால் அது சுரக்கும் பை. பன்றியினுடையது பெரும்பாலும் தேங்கும் பை: சிறுநீரும் உதிர்ந்த தோல் செல்களும் பழைய விந்தும் அதில் ஊறி அழுகி, ஆண் பன்றியின் கொட்டகைக்கே உரிய நெடியைத் தருகின்றன. விந்து சேகரிக்கும் முன் வயிற்றுப்புறத்தை அழுத்தி இந்த நீரை முழுதும் வெளியேற்றிவிட வேண்டும்; அதிலுள்ள பாக்டீரியா விந்தணுக்களைக் கொல்லும். சில பன்றிகளில் குறி வெளியே வராமல் இந்தப் பைக்குள்ளேயே போய்ச் சுருண்டுகொள்வதும் உண்டு.

இறைச்சித் தொழில் இந்த உறுப்புகளை வேறொரு கண்ணால் பார்க்கிறது. ஆண்ட்ரோஸ்டீனோன் கொழுப்பில் படிவதால் பருவமெய்திய ஆண் பன்றியின் கறியைச் சூடாக்கும்போது ஒரு வாடை எழுகிறது. குடலில் உண்டாகும் ஸ்கேட்டோல் என்ற நாற்றப் பொருளும் அதோடு சேர்ந்துகொள்கிறது. இதைத் தவிர்க்கவே உலகெங்கும் ஆண் குட்டிகளுக்குச் சிறு வயதிலேயே காயடிக்கிறார்கள். பிரிட்டனில் பருவத்துக்கு முன்பே கறிக்கு அனுப்பிவிடுவதால் பெரும்பாலும் காயடிப்பதில்லை. மயக்கமருந்து இல்லாமல் காயடிப்பதை ஜெர்மனி 2021 ஜனவரியிலிருந்து தடை செய்துள்ளது. விந்தகத்தை இயக்கும் மூளை ஹார்மோனுக்கு எதிராக எதிர்ப்பொருளை உண்டாக்கும் தடுப்பூசி 1998இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும், பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. இரண்டாம் ஊசிக்குப் பின் விந்தகம் சுருங்குகிறது, அதனோடு துணைச் சுரப்பிகளும் சுருங்குகின்றன. அறுவைக் கூடத்தில் ஓர் உடலைப் பார்த்து, அது காயடிக்கப்பட்டதா, ஊசி வேலை செய்ததா, அல்லது வெளியே தெரியாமல் ஒரு விந்தகம் வயிற்றுக்குள்ளேயே தங்கிப் போயிருந்ததா என்று தீர்மானிக்க வேண்டியிருந்தால், அங்கே அளந்து பார்ப்பது கௌப்பர் சுரப்பியைத்தான்: விந்தகத்தின் ஹார்மோன் கிடைத்துக்கொண்டிருக்கும் பன்றியில் அது முழு நீளத்தோடு இருக்கும், கிடைக்காததில் பாதிக்கும் கீழே குறுகியிருக்கும்.